ரைடைக் காணோம், தூரம் குறையுது, ஏத்தம் பொய் சொல்லுது: சைக்கிள் ஜிபிஎஸ் மீட்டருக்கு அறிகுறி பாத்து வைத்தியம்

எங்க ரைடு குரூப்ல யாரோட மீட்டர் மக்கர் பண்ணாலும் என் கையிலதான் வந்து திணிக்கிறாங்க, வருஷக்கணக்கா இதே கதைதான். முக்காவாசி நேரம் டிவைஸ் மேல தப்பே இருக்காது. திரும்பத் திரும்ப அதே ஏழெட்டு கேஸ்தான் வருது, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா வாய்ஸ் மெசேஜ் அனுப்பி தொண்டை காஞ்சதால இப்ப ஒரே இடத்துல எழுதி வைக்கிறேன். மொத்தத்தையும் படிக்க வேணாம், உங்க அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரா போயிடுங்க. ஒவ்வொண்ணுலயும் காசு செலவில்லாத காரணம் மொதல்ல, பர்ஸைத் திறக்க வைக்கிறது கடைசில.

எதைத் தொடுறதுக்கு முன்னாடியும்: ஃபைலை வெளிய எடுங்க

இது மட்டும் எல்லாருக்கும் பொது. டிவைஸை கேபிள் போட்டு கம்ப்யூட்டர்ல சொருகுங்க. கார்மின் எட்ஜ்னா கார்மின் ஃபோல்டருக்குள்ள ஆக்டிவிட்டீஸ்னு ஒண்ணு இருக்கும், வாஹூ எலிமென்ட்னா எக்ஸ்போர்ட்ஸ், மத்த கம்பெனில பேரு கொஞ்சம் மாறும். உள்ள ஃபிட்னு முடியுற ஃபைல்கள் இருக்கும், பேரே பெரும்பாலும் தேதியும் நேரமுமா இருக்கும். அதுதான் உங்க ரைடு. ஆப்ல தெரியுற மேப்பு, கிராஃபு, கலர் கலரா வர்ற பட்டை எல்லாம் அந்த ஃபைலைப் படிச்சு வரைஞ்ச படம் மட்டும்தான். அந்த ஃபைல் பத்திரமா கையில இருந்தா மத்த எதையும் நாளைக்குக் கூட சரி பண்ணிக்கலாம்.

சொருகினா ஒண்ணுமே தெரியலையா? மொதல்ல கேபிளை மாத்துங்க. சார்ஜ் மட்டும் ஏத்துற, டேட்டா கம்பியே இல்லாத கேபிள் வீட்டுக்கு நாலு கிடக்கும். மேக்ல சில மாடல் சும்மா சொருகினா தெரியாது, எம்டிபி முறையில பேசுறதால தனி சாஃப்ட்வேர் வேணும், ஓப்பன்எம்டிபின்னு ஒரு இலவசம் இருக்கு, போதும்.

ஃபேக்டரி ரீசெட் மட்டும் எடுத்த எடுப்புல பண்ணாதீங்க, ப்ளீஸ். ரீசெட் பண்ணிட்டு வந்து "அண்ணே, பழைய ரைடு எடுத்துத் தர முடியுமா"ன்னு கேக்குறவங்க முகத்தைப் பாக்கவே கஷ்டமா இருக்கு.

அறிகுறி: ரைடு முடிஞ்சுது, ஆப்ல வரல

எனக்கு வர்ற கேஸ்ல இதுதான் ஜாஸ்தி. டிவைஸோட ஹிஸ்டரில போய் பாருங்க, அங்க ரைடு இருக்கா இல்லையான்னு, அதை வச்சு வழி பிரியும்.

ஹிஸ்டரில இருக்குன்னா

டிவைஸ்ல இருந்து போன், போன்ல இருந்து கம்பெனி சர்வர், அங்க இருந்து ஸ்ட்ராவா (நம்ம ரைடை ஏத்தி எல்லாரோடயும் பகிர்ந்துக்கிற ஆப்)ன்னு மூணு கண்ணி. எது அறுந்திருக்குன்னு பாக்கணும்.

கம்பெனி ஆப்லயே வரலன்னா போன் பக்கம்தான் கோளாறு. போன்ல பேட்டரி சேவிங் அந்த ஆப்பை பின்னாடி ஓட விடாம கொன்னுடும், இதுதான் பெரும்பாலும். செட்டிங்ஸ்ல போய் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிட்டு, ப்ளூடூத், லொகேஷன் அனுமதி ரெண்டும் குடுத்து, ஆப்பைத் திறந்து வச்சு ஒரு தடவை சின்க் பண்ணுங்க. அப்பவும் வரலன்னா ரெண்டு பக்கமும் பேரிங்கை (ப்ளூடூத்ல ஜோடி சேர்த்து வச்சதை) அழிக்கணும், போன்ல மட்டும் அழிச்சுட்டு டிவைஸ்ல பழசை விட்டு வச்சீங்கன்னா ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தெரியாத மாதிரி முழிச்சுட்டு நிக்கும். வைஃபை உள்ள டிவைஸ்னா போனை விட்டுட்டு வைஃபைல அனுப்பிப் பாருங்க.

கம்பெனி ஆப்ல இருக்கு, ஸ்ட்ராவால மட்டும் இல்லையா? ரெண்டுக்கும் நடுவுல குடுத்த அனுமதி போயிருக்கும். இணைப்பைத் துண்டிச்சு மறுபடி இணைங்க. விட்டுப்போன ரைடு தானா வரும்னு காத்துட்டு இருக்காதீங்க, ஃபிட் ஃபைலை ஸ்ட்ராவா வெப்சைட்ல கையாலயே ஏத்திடுங்க, ஃபிட், டிசிஎக்ஸ், ஜிபிஎக்ஸ் மூணையும் வாங்கிக்கும், ஒரு ஃபைல் 25 எம்பிக்குள்ள இருக்கணும், சாதாரண ரைடு அதுல கால்வாசி கூட வராது. "டூப்ளிகேட்"னு சொன்னா அதே நேரத்துல வேற ஏதோ ஏறியிருக்கு, போன்ல வேற ரெக்கார்ட் போட்டிருப்பீங்க. வேணாததை அழிச்சுட்டு ஏத்துங்க.

நம்ம பக்கம் எல்லாம் சரியா இருந்தும் வரலன்னா சர்வர் படுத்திருக்கலாம். 2020 ஜூலைல கார்மின் சர்வர்கள் ரான்சம்வேர் தாக்குதல்ல மாட்டி பல நாள் முடங்கிக் கிடந்துச்சு, அப்ப கேபிள் போட்டு ஃபைல் எடுக்கத் தெரிஞ்சவங்க அலட்டிக்காம நேரா ஸ்ட்ராவால ஏத்திட்டுப் போயிட்டாங்க.

ஹிஸ்டரில இல்ல, ஆனா ஃபோல்டர்ல ஃபைல் இருக்குன்னா

ஃபைல் சைஸைப் பாருங்க. செகண்டுக்கு ஒரு தடவை பதியுற மாதிரி வச்சிருந்தா மணிக்கு சுமாரா நூறு கேபி வரும், சென்சார் ஜாஸ்தின்னா இன்னும் கூட. சைஸ் சைபர்னா அந்த ரைடுக்கு கும்பிடு போட்டுடலாம். சைஸ் இருக்கு ஆனா எந்த சைட்டும் வாங்கலன்னா நடுவுல பேட்டரி செத்து ஃபைல் மூடப்படாம நின்னிருக்கும். ஃபிட் ஃபைலோட கடைசில ரெண்டு பைட் சரிபார்ப்பு எண் இருக்கும், அது இல்லன்னா உள்ள இருக்கிற மொத்த ரைடும் நல்லா இருந்தாலும் "கெட்டுப்போன ஃபைல்"னு திருப்பி அடிச்சுடுவாங்க.

போன தடவை ஒரு அண்ணன் 200 கிமீ ரைடு முடிக்க பதிமூணு கிமீ இருக்கும்போது டிவைஸ் கண்ணை மூடிடுச்சு. சார்ஜ் போட்டு ஆன் பண்ணா ஹிஸ்டரி காலி. மனுஷன் சாப்பாடு கூட இறங்காம உக்காந்திருந்தாரு. கேபிள் போட்டு ஃபோல்டரைத் திறந்தா அன்னிக்கு விடிகாலை நேரம் போட்ட ஒரே ஒரு ஃபைல், ஒரு எம்பிக்கு மேல. ஸ்ட்ராவால போட்டேன், வாங்கல. கோல்டன் சீட்டான்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல திறந்தா எதோ எச்சரிக்கை சொல்லிட்டு, 187 கிமீ வரைக்கும் கோடு அப்படியே வந்து நின்னுச்சு. அதை டிசிஎக்ஸா எக்ஸ்போர்ட் பண்ணி ஏத்தினோம். மிச்ச பதிமூணுக்குப் பக்கத்துல வந்தவரோட ஃபைல். இதுக்குன்னே இருக்கிற ஃபிட் ரிப்பேர் சைட்களும் இருக்கு, ஆனா எப்பவும் காப்பி எடுத்து காப்பில வேலை பாருங்க, மூலத்தைத் தொடாதீங்க.

அப்படிப் பாதில ஆஃப் ஆனா உடனே "புது ரைடு" அமுக்காம, கொஞ்சமா சார்ஜ் ஏத்தி ஆன் பண்ணிப் பாருங்க, நிறைய டிவைஸ் பழசைத் தொடரவான்னு தானே கேக்கும்.

ஃபோல்டர்லயும் இல்லன்னா

ஸ்டார்ட் அமுக்கினீங்களான்னு மனசாட்சியைத் தொட்டு யோசிங்க. ஸ்கிரீன்ல வேகம் ஓடுறதும் ரெக்கார்ட் ஆகுறதும் வேற வேற. நகர ஆரம்பிச்சா தானே ஸ்டார்ட் ஆகுற செட்டிங் இருந்தா போட்டு வைங்க. மெமரி நிரம்பியிருக்கான்னும் பாருங்க. சேவ்க்கு பதில் டிஸ்கார்ட் அமுக்கிட்டீங்கன்னா, டிவைஸ் பென் டிரைவ் மாதிரி தெரியுற வகைன்னா மட்டும், அழிஞ்ச ஃபைலை மீட்கிற சாஃப்ட்வேர் போட்டுப் பாக்கலாம், அதுவரைக்கும் அதுல புதுசா எதுவும் ரெக்கார்ட் பண்ணக்கூடாது. ஒரு ரைடுக்காக டேட்டா ரெக்கவரி கடைக்குப் போறது என் கணக்குல வீண் செலவு.

அறிகுறி: லோகோவோட நின்னுடுது, இல்ல ஆன் ஆகி ஆன் ஆகி ஆஃப் ஆகுது

பவர் பட்டனை பதினஞ்சு செகண்ட் விடாம அமுக்குங்க. பாதி கேஸ் இங்கயே எழுந்துக்கும்.

எழலன்னா அரை மணி நேரம் நல்ல கேபிள்ல சார்ஜ் போட்டு மறுபடி. முழுசா வடிஞ்ச பேட்டரி லோகோ வரைக்கும் தூக்கி விட்டுட்டு மூச்சு வாங்கும்.

அதுக்கும் அசையலன்னா, கெட்டுப்போன ஒரு ஃபைல் உள்ள இருந்து கழுத்தைப் பிடிக்குது. கடைசியா நீங்க ஏத்தின ரூட் எது? ஆஃப்ல வச்சு கம்ப்யூட்டர்ல சொருகுங்க, லோகோல தொங்குற டிவைஸ் கூட பல நேரம் டிரைவா தெரியும். ஆக்டிவிட்டி எல்லாத்தையும் காப்பி எடுத்துட்டு, கடைசி ஆக்டிவிட்டி ஃபைலையும் கடைசியா ஏத்தின கோர்ஸ் ஃபைலையும் வெளிய நகர்த்துங்க, நியூஃபைல்ஸ்னு ஃபோல்டர் இருந்தா அதுல கிடக்கிறதையும். எடுத்துட்டு முறையா எஜெக்ட் பண்ணி கழட்டுங்க. அப்படியே புடுங்குறதாலயும்தான் ஃபைல் கெடுது, அது வேற விஷயம்.

இதுக்கப்புறம் ஃபர்ம்வேர் (டிவைஸை ஓட்டுற உள் சாஃப்ட்வேர்) அப்டேட், அப்புறம் ஃபேக்டரி ரீசெட். அதுக்கும் மசியலன்னா சர்வீஸ் சென்டர், வாரன்டி இருந்தா திருகாணி கூட தொடாதீங்க.

அறிகுறி: சாட்டிலைட் பிடிக்க யுகமா ஆகுது, மேப்ல கோடு வீட்டுக்குள்ள எல்லாம் புகுந்து போகுது

ஆன் பண்ணி உடனே கிளம்பிடுறீங்க, அதான் காரணம். ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன்னோட இருப்பிட விவரத்தை முப்பது செகண்டுக்கு ஒரு தடவை சொல்லுது, நடுவுல மரமோ கட்டிடமோ மறைச்சா டிவைஸ் மறுபடி அடுத்த சுத்துக்குக் காத்திருக்கணும். வெளிய எடுத்து, வானம் தெரியுற இடத்துல வச்சுட்டு ஷூ லேஸ் கட்டுங்க, தண்ணி பாட்டில் நிரப்புங்க, அதுக்குள்ள பிடிச்சுடும். மாசக்கணக்கா பெட்டில தூங்கினது, இல்ல வெளிநாடு போய் ஆன் பண்ணது, இதுக்கு ஒரு கால் மணி நேரம் குடுக்கலாம், எல்லா சாட்டிலைட்டோட முழு பட்டியலும் வானத்துல இருந்து இறங்க 12.5 நிமிஷம் ஆகும்.

தினமும் இப்படின்னா போனோட சின்க் பண்ணி எத்தனை நாள் ஆச்சுன்னு பாருங்க. சின்க் பண்ணும்போது அடுத்த சில நாளுக்கான சாட்டிலைட் கணிப்பு ஃபைல் ஒண்ணு இறங்கும், அது காலாவதியானா பழைய மாதிரி தடவித் தடவித்தான் தேடும்.

கோடு கோணலா வர்றதுக்கு செட்டிங்ஸ்ல ரெண்டு இடம். ரெக்கார்டிங் "ஸ்மார்ட்"னு இருந்தா "ஒவ்வொரு செகண்டும்"னு மாத்துங்க, ஸ்மார்ட்ல வளைவை எல்லாம் குறுக்கால வெட்டிடும். சாட்டிலைட் ஜிபிஎஸ் மட்டும்னு இருந்தா, அதோட கலிலியோவோ (ஐரோப்பாவோட சாட்டிலைட்) க்ளோனாஸோ (ரஷ்யாவோடது) சேர்த்துப் போடுங்க. மல்டி பேண்ட் (ஒரே சாட்டிலைட்டை ஒண்ணுக்கு மேற்பட்ட அலைவரிசைல கேக்குறது) இருக்கிற மாடல்னா உயரமான கட்டிடம், அடர்ந்த மரம் உள்ள ரூட்டுக்கு அதைப் போட்டா வித்தியாசம் கண்ணுக்கே தெரியும், பேட்டரியும் அதே வேகத்துல குறையும். டிவைஸ் மேல லைட், கேமரா எதுவும் கவிழ்த்து மாட்டியிருந்தா கழட்டிட்டு ஒரு ரைடு போய் பாருங்க.

பொட்டல் வெளில கூட கோடு தாவுது, கூட வந்த ரெண்டு பேருக்கு நேரா இருக்குன்னா ஆன்டெனா போயிருக்கும். கீழ விழுந்ததுக்கு அப்புறம்தான் இப்படின்னா சந்தேகமே வேணாம். வீட்டு வைத்தியம் கிடையாது.

அறிகுறி: கூட வந்தவனுக்கு 102, எனக்கு 100

வீல் சென்சார் போட்டிருக்கீங்களா? அப்ப டயர் சைஸைப் பாருங்க. 700×23சி டயருக்கு சுத்தளவு 2096 மிமீ, 700×28சிக்கு 2136. டயரை மாத்திட்டு செட்டிங்கை மாத்தலன்னா நூறு கிமீக்கு ரெண்டு கிமீ கிட்ட காணாமப் போயிடும், நீங்க என்னவோ பலவீனமாயிட்டீங்கன்னு நினைச்சுட்டு இருப்பீங்க.

அட்டவணையை நம்பாம அளந்தே பாத்துடலாம். வழக்கமா போடுற காத்து அடிச்சு, வால்வ் நேர் கீழ இருக்கிற மாதிரி நிறுத்தி தரைல சாக்பீஸ்ல ஒரு கோடு, சைக்கிள்ல உக்காந்து (யாராவது பிடிச்சுக்கட்டும்) வால்வ் மறுபடி கீழ வர்ற வரை நேரா உருட்டி இன்னொரு கோடு. நடுவுல டேப் வச்சு மிமீல அளந்து போடுங்க. உக்காராம உருட்டினா டயர் அமுங்காது, சில மிமீ கூட வரும், அதனாலதான் உக்காரச் சொல்றேன். டயர் சைஸை "ஆட்டோ"ல விட்டாலும் (ஜிபிஎஸ் தூரத்தை வச்சு டிவைஸே கணக்குப் போடும்) பெரும்பாலும் சரியா வரும், ஆனா முதல் ரைடு மரத்தடியிலயே போனா தப்பா கத்துக்கும்.

சென்சாரே இல்லன்னா ஜிபிஎஸ் தூரம்தான், ஒண்ணு ரெண்டு சதவீதம் முன்ன பின்ன வர்றதுக்கெல்லாம் சண்டை போடாதீங்க. ஏறும்போது மெதுவா போற இடத்துல எல்லாம் தூரம் விடுபடுதுன்னா ஆட்டோ பாஸ்தான் வில்லன், உங்க ஏத்த வேகத்தை நின்னுட்டீங்கன்னு நினைக்குது. கொஞ்சம் அவமானம்தான். ஆஃப் பண்ணிடுங்க, நின்ன நேரத்தை ஸ்ட்ராவா தானே கழிச்சுக்கும்.

அறிகுறி: ஏத்தம் தப்பா காட்டுது

உங்க டிவைஸ்ல பாரோமீட்டர் இருக்கான்னு மொதல்ல தெரிஞ்சுக்கோங்க. இல்லன்னா உயரம் முழுக்க ஜிபிஎஸ் தயவுதான், அது உயரத்துல எப்பவுமே சொதப்பும். ஸ்ட்ராவால ஏத்தினப்புறம் அவங்களே மேப்ல இருந்து உயரத்தை எடுத்துப் போட்டுப்பாங்க, விட்டுடுங்க.

இருக்குன்னா

அது காத்தழுத்தத்தை வச்சு உயரம் சொல்லுது. கடல் மட்டத்துக்குப் பக்கத்துல ஒரு ஹெக்டோபாஸ்கல் மாறினா எட்டு மீட்டர் உயரம் மாறின மாதிரி. அதனால மழை வரப் போற நாள்ல கிளம்பின இடத்துக்கே திரும்பி வந்தாலும் உயரம் இருபது முப்பது மீட்டர் தள்ளி நிக்கலாம், டிவைஸ் கெடல. கிளம்புற இடத்தோட உயரத்தை டிவைஸ்ல ஒரு தடவை குடுத்து வச்சா ஆரம்பமாவது சரியா இருக்கும்.

கிராஃப் படிக்கட்டு மாதிரி வருது, இல்ல மலை ஏறினாலும் தட்டையா நிக்குதுன்னா டிவைஸைக் கவுத்து அடிப்பக்கத்தைப் பாருங்க. ஊசி முனை அளவுக்கு ஒண்ணோ ரெண்டோ ஓட்டை இருக்கும். நான் பாத்த ஒரு டிவைஸ்ல அந்த இடமே தெரியல, வேர்வை சொட்டிச் சொட்டி காஞ்சு வெள்ளையா உப்பு படிஞ்சு, மேல சங்கிலி கிரீஸ் வேற பூசி, பல்லிடுக்கு மாதிரி அடைச்சுக்கிட்டு இருந்துச்சு. அவரு புதுசு வாங்க விலை விசாரிச்சுட்டு இருந்தாரு. வெதுவெதுப்பான தண்ணில நனைச்ச மெத்து பிரஷ்ஷால லேசா தடவி, பைப்பை மெல்லிசா திறந்து விட்டு அலசி, ஒரு ராத்திரி காய வச்சோம், அடுத்த ரைடுல மலை மலையா வந்துச்சு. இதுக்கு முன்னாடி சார்ஜிங் மூடி நல்லா மூடியிருக்கான்னு பாருங்க. ஊசி, பின், கம்ப்ரெசர் காத்து மூணும் கூடாது, உள்ள இருக்கிற சவ்வு கிழிஞ்சா பாரோமீட்டரும் போச்சு, தண்ணிக் காப்பும் போச்சு.

மழைல மட்டும் உயரம் குதிக்குதுன்னா ஓட்டைல தண்ணி சொட்டு நிக்குது, காஞ்சா சரியாயிடும். அந்த ஒரு ரைடுக்கு ஸ்ட்ராவால உயரத்தைத் திருத்துற ஆப்ஷன் இருக்கு, வெப்சைட்ல. பாலம், சுரங்கப் பாதை நிறைய உள்ள ரூட்டுக்கு அதை அமுக்காதீங்க, பாலத்துல போன உங்களைப் பள்ளத்துல இறக்கி ஏத்திக் கணக்கு காட்டிடும்.

சுத்தம் பண்ணி, காய வச்சு, வெயில் நாள்லயும் தட்டையாவே வருதா? சர்வீஸ்.

அறிகுறி: ஹார்ட் ரேட், கேடன்ஸ் (பெடல் சுத்துற வேகம்), பவர் விட்டு விட்டு வருது

சென்சாரோட பேட்டரியை மாத்துங்க. நிஜமா, வேற எதையும் யோசிக்காம சிஆர்2032ங்கிற பட்டன் பேட்டரி ஒண்ணு வாங்கி போடுங்க. ஆப்ல "பேட்டரி நல்லா இருக்கு"ன்னு காட்டுறதை நம்பாதீங்க. குழந்தைங்க முழுங்கக் கூடாதுன்னு கசப்பு பூச்சு பூசின பேட்டரிகள் இருக்கு, அந்தப் பூச்சு சில சென்சார்ல சரியா தொடர்பு ஆக விடாது, புது பேட்டரி போட்டும் வேலை செய்யலன்னா பூச்சு இல்லாதது போட்டுப் பாருங்க. மாத்தும்போது பழசைக் கழட்டி ஒரு முப்பது செகண்ட் விட்டு புதுசைப் போடுங்க, மூடில இருக்கிற ரப்பர் வளையம் முறுக்கிக்காம உக்காரணும்.

கண்டே பிடிக்கலன்னா போன்ல ஏதோ ஆப் அந்த சென்சாரைப் பிடிச்சு வச்சிருக்கும். ஆன்ட் பிளஸ்ல (ப்ளூடூத் மாதிரி சென்சாரும் மீட்டரும் பேசிக்கிற இன்னொரு வயர்லெஸ் முறை) ஒரே நெஞ்சுப் பட்டையை எத்தனை டிவைஸ் வேணாலும் கேக்கலாம், ப்ளூடூத்ல பல சென்சார் ஒண்ணு ரெண்டு பேரோட மட்டும்தான் பேசும். ரெண்டும் இருந்தா ஆன்ட் பிளஸ்ல சேருங்க.

ஆரம்ப பத்து நிமிஷம் 190, அப்புறம் திடீர்னு 125ன்னு இறங்குதா? நெஞ்சுப் பட்டை காஞ்சிருக்கு, வேர்க்க ஆரம்பிச்சதும் சரியாகுது. கட்டும்போதே தண்ணி தடவிக்கோங்க. பட்டையை அப்பப்ப தொவைங்க, உப்பு ஊறிப்போன பட்டை உயிரை வாங்கும். தொவைச்சும் குதிக்குதுன்னா பட்டை மட்டும் தனியா கிடைக்கும், முழு செட் வேணாம். கையில கட்டுற ஆப்டிகல் வகைல ஹார்ட் ரேட்டும் கேடன்ஸும் ஒரே நம்பரா ஓடுதுன்னா அது உங்க இதயத்தை எண்ணல, இறுக்கிக் கட்டுங்க.

பவர் மீட்டர் (மிதிக்கிற பலத்தை அளக்குறது) திடீர்னு வேற நம்பர் காட்டினா ஜீரோ ஆஃப்செட் (மிதிக்காதப்ப சைபர் எதுன்னு அதுக்குச் சொல்லிக் குடுக்குறது) போடுங்க, அதுவும் வீட்டுக்குள்ள இருந்து எடுத்த கையோட போடாம, சைக்கிளை வெளிய கால் மணி நேரம் நிறுத்தி வெளிச்சூட்டுக்குப் பழக விட்டு. பெடல் வகைன்னா க்ராங்க் நீளம் சரியான்னு பாருங்க, 170க்கு பதில் 172.5ன்னு இருந்தாலே ஒண்ணரை சதவீதம் போயிடும். ஆஃப்செட் எண் ஒவ்வொரு தடவையும் கன்னாபின்னான்னு மாறினா நீங்க ஒண்ணும் பண்ண முடியாது, விக்கிறவங்கிட்டயே கொண்டு போங்க.

அறிகுறி: சார்ஜ் நிக்கல, சார்ஜே ஏறல, மவுண்ட்ல ஆடுது

போர்ட்ல ஈரம் இருக்கும்போது சார்ஜ் போடாதீங்க. ஐபிஎக்ஸ்7னு போட்டிருந்தா ஒரு மீட்டர் ஆழத்துல அரை மணி நேரம் தாங்கும்னு அர்த்தம், நனைஞ்ச பின்னுல கரண்ட் விட்டா தாங்கும்னு இல்ல. பின் பச்சையா பூத்திருந்தா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் தொட்ட மெல்லிய பிரஷ்.

சீக்கிரம் வடியுதுன்னா பேக்லைட், மல்டி பேண்ட், வழி காட்டுற மேப், போன் நோட்டிஃபிகேஷன் இந்த வரிசைல குறைச்சுப் பாருங்க. அஞ்சாறு வருஷம் ஆன டிவைஸ்னா பேட்டரிக்கு வயசாயிடுச்சு, மாத்துறவங்க இருக்காங்க, ஆனா திறந்தா பழைய தண்ணிக் காப்பு திரும்பாதுன்னு தெரிஞ்சே குடுங்க.

ஸ்கிரீன் ஒரு பக்கம் தூக்கியிருக்கு, பின் மூடி பிதுங்குதுன்னா அதோட நிறுத்துங்க. பேட்டரி உப்பிடுச்சு. சார்ஜ் போடாதீங்க, அமுக்கி மூடப் பாக்காதீங்க, குத்திடாதீங்க, தெரிஞ்சவங்ககிட்ட நேரா போங்க. இதுல மட்டும் சொந்த வைத்தியம் வேணவே வேணாம்.

மவுண்ட் காது உடைஞ்சா சில மாடலுக்கு ஒட்டுற மாத்துக் காது கிடைக்கும். அதுவரைக்கும் டிவைஸோட வந்த அந்தக் கயிறு எங்க தூக்கிப் போட்டீங்கன்னு தேடி எடுத்து ஹேண்டில்பார்ல கட்டுங்க.

அறிகுறி: தேதி தப்பு

ரைடு 1989 இல்ல 1990னு காட்டுதா? ஃபிட் ஃபைல் 1989 டிசம்பர் 31ல இருந்துதான் செகண்டை எண்ணுது. டிவைஸுக்கு நேரம் தெரியாம (சாட்டிலைட் இல்லாம வீட்டுக்குள்ள ஓட்டினா) ரெக்கார்ட் ஆனா அங்க இருந்து ஆரம்பிச்சுடும். ஸ்ட்ராவால ஏறியிருந்தா உங்க லிஸ்ட்டோட அடி ஆழத்துல கிடக்கும், காணோம்னு நினைப்பீங்க. வெளிய வச்சு சாட்டிலைட் பிடிக்க விடுங்க, பழைய ஃபைலுக்குத் தேதியை மாத்துற ஆன்லைன் டூல்கள் இருக்கு.

கிட்டத்தட்ட இருபது வருஷம் பின்னாடி காட்டுதுன்னா அது வேற. ஜிபிஎஸ் 1024 வாரத்துக்கு ஒரு தடவை வார எண்ணை சைபர்ல இருந்து ஆரம்பிக்கும், கடைசியா 2019 ஏப்ரல் 6ல நடந்துச்சு. ஃபர்ம்வேர் அப்டேட் இருந்தா போடுங்க, கம்பெனி நிறுத்திட்டான்னா அதோட கதை முடிஞ்சுது.

அறிகுறி: கார்ல போனதும் சேர்ந்துடுச்சு, வீட்டு வாசல் ஊருக்கே தெரியுது

நிறுத்த மறந்து சைக்கிளை கார்ல ஏத்திட்டு வந்தா ஸ்ட்ராவால க்ராப் பண்ணி வால் பகுதியை வெட்டுங்க, சீக்கிரம் வெட்டுங்க, யாரோட சாதனையையோ நீங்க 90 கிமீ வேகத்துல முறியடிச்சிருப்பீங்க.

வீட்டைச் சுத்தி மறைக்கிற வட்டத்தை முதல் நாளே போடுங்க. 2018 ஜனவரில ஸ்ட்ராவா ஹீட்மேப்பை (எல்லாரும் போன பாதையையும் சேர்த்து வரைஞ்ச மேப்) பாத்து ராணுவத் தளங்களோட வடிவமே தெரியுதுன்னு உலகம் பூரா பேசினாங்க, ராணுவத்துக்கே அந்த நிலைமை. இன்னொண்ணு, இதை நிறைய பேர் யோசிக்கிறதில்ல: வட்டம் போட்டு சைட்ல மறைச்சாலும் ஒரிஜினல் ஃபைல்ல வாசப்படி வரைக்கும் புள்ளி இருக்கும். குரூப்ல "அந்த ரூட் அனுப்புப்பா"ன்னு கேட்டா ஃபிட் ஃபைலைத் தூக்கிப் போடாதீங்க, தலையும் வாலும் வெட்டின ஜிபிஎக்ஸ் அனுப்புங்க. உங்களுக்குன்னு சேமிச்சு வைக்க மட்டும் எப்பவும் ஒரிஜினல், ஏன்னா ஜிபிஎக்ஸ்ல லேப், டிவைஸ் விவரம் எல்லாம் உதிர்ந்துடும்.

அறிகுறி: எல்லாம் பண்ணியாச்சு, மாத்தித்தான் ஆகணும்

அப்ப உங்களை எது ஓயாம படுத்துச்சோ அதை வச்சே தேர்ந்தெடுங்க, விளம்பரத்துல இருக்கிற லிஸ்ட்டை வச்சு வேணாம். ஏத்தம்தான் தொல்லைன்னா பாரோமீட்டர் உள்ளது. மரமும் கட்டிடமும்னா மல்டி பேண்ட். மழைலயும் கையுறையோடவும் ஓட்டுறவங்களுக்கு பட்டன், ஈரத்துல டச் ஸ்கிரீன் தானா பேஜ் மாத்திட்டு இருக்கும். ரூட் போட்டுப் போற ஆளுன்னா வழி தவறினா தானே புது வழி போடுற மேப் இருக்கா, இல்ல வெறும் கோடு மட்டும் காட்டுமான்னு கேளுங்க, ரெண்டுக்கும் விலைல பெரிய வித்தியாசம், தெரிஞ்ச ரோட்டுலயே சுத்துறவங்களுக்கு அந்தக் கோடே தாராளம். பழைய சென்சார் ஆன்ட் பிளஸ் மட்டும் பேசும்னா புதுசும் அதைப் பேசணும். பேட்டரி நேரம்னு டப்பால போட்டிருக்கிறது எல்லாத்தையும் அணைச்சு வச்சு அளந்தது, அதுல பாதிதான்னு நினைச்சுக்கிட்டே உங்க நீளமான ரைடுக்குக் கணக்குப் போடுங்க.

காசு குடுக்குறதுக்கு முன்னாடி, முடிஞ்சா தெரிஞ்சவங்க வச்சிருக்கிற அதே மாடலை வாங்கி, ஆன் பண்ணி அஞ்சு நிமிஷம் கையில பிடிச்சுட்டு நடந்து ரெக்கார்ட் பண்ணுங்க. போனைத் தொடாம, எந்த அக்கவுன்ட்லயும் லாகின் பண்ணாம, கேபிள் போட்டு அந்த ஃபிட் ஃபைலைக் கையால காப்பி பண்ண வருதான்னு பாருங்க. வரலன்னா நான் அதை வாங்க மாட்டேன்.